உனி பழசா, இல்லை நிறமே அப்படியா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

சுஷியில் உனி, அதாவது கடல் முள்ளெலியின் உள்ளே இருக்கும் சுளை, வந்ததும் பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். பளிச்சென்று ஆரஞ்சாக இருந்தால் புதுசு, வெளிறியிருந்தால் மட்டம், பழுப்பாக இருந்தால் கெட்டுப்போச்சு என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு பல நேரம் தப்பாகப் போகும். நிறம் சொல்வது எந்த இனம், என்ன தின்றது, எந்தப் பருவத்தில் பிடிபட்டது என்பதை. புதுசா பழசா என்பதைச் சொல்வது சுளையின் கரை, மேற்பரப்பு, அடியில் தேங்கியிருக்கும் நீர், வாடை, இந்த நாலும்தான். மீன் வாங்கும்போது மினுமினுப்பைப் பார்த்து நின்றுவிடாமல் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோமே, அப்படி உனியிலும் தேடிப் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு.

ஒரு அடிப்படை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பாதிப் பிரச்சினைகளுக்கு அதுதான் காரணம். உனி என்பது கடல் முள்ளெலி, உருண்டை ஓடும் அதன்மேல் முள்ளுமாக இருக்கும் கடல் உயிர். அதில் நாம் சாப்பிடுவதை முட்டை என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் அது இனப்பெருக்கச் சுரப்பி. ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு, ஓட்டுக்குள் ஐந்து சுளையாக ஒட்டியிருக்கும். இந்தச் சுரப்பிக்கு இரண்டு வேலை. தின்ற உணவைச் சேமித்து வைப்பது ஒன்று, அந்தச் சேமிப்பைச் செலவழித்து முட்டையையோ விந்தையோ உண்டாக்குவது இன்னொன்று. சேமித்து வைத்திருக்கும் கட்டத்தில் பிடித்தால் சுளை திரண்டு, இறுக்கமாக, இனிப்பாக இருக்கும். முட்டையும் விந்தும் முற்றும் கட்டத்தில் பிடித்தால் தளர்ந்து வழியும், ருசியும் போய்விடும், அன்று காலை கடலிலிருந்து எடுத்ததாக இருந்தாலும் சரி.

மஞ்சளாக வெளிறியிருக்கிறது, படத்தில் பார்த்த ஆரஞ்சு இல்லை

பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் இனம்தான் வேறு. ஜப்பானில் சுஷிக்கு வருவதில் முக்கியமானவை இரண்டு. எஸோ பாஃபுன் உனி அடர்ந்த ஆரஞ்சு நிறம், சுளை சின்னது, ருசி கனமானது. கித்தா முராசாக்கி உனி மஞ்சள், சுளை கொஞ்சம் நீளம், ருசி மென்மை, சாப்பிட்டு முடித்ததும் நாக்கில் அதிக நேரம் நிற்காது. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் வியாபாரிகள் முதலாவதைச் சிவப்பு என்றும் இரண்டாவதை வெள்ளை என்றும் சொல்வார்கள். வெள்ளை என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. எனக்கு வெயில் காலத்தில் முராசாக்கிதான் பிடிக்கும், சுஷிச் சோற்றின் வினிகர்ப் புளிப்போடு அது ஒட்டிப்போகும் விதத்தை பாஃபுனில் நான் பார்த்ததில்லை.

கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவிலிருந்து வருவது வேறொரு பெரிய இனம். சுளை கட்டை விரல் அளவுக்குக்கூட வரும், தங்க மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரை எல்லாச் சாயலும் இருக்கும். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் குளிர்காலத்தில் எடுப்பது பச்சை முள்ளெலி. பச்சை என்பது அதன் ஓட்டுக்கும் முள்ளுக்கும்தான், உள்ளே இருப்பது வழக்கமான மஞ்சளும் ஆரஞ்சும்.

ஆக, வெளிறியிருந்தால் முதல் கேள்வி "இது எந்த உனி?" என்பதே. கடைக்காரர் முராசாக்கி என்று சொல்லி, சுளையின் கரையும் தெளிவாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். பாஃபுன் என்று சொல்லி வெளிறிய மஞ்சளாக இருந்தால் தீனி குறைவு என்று கொள்ளலாம். இந்த நிறத்தைத் தருவது எக்கினினோன் என்ற நிறமி. கடற்பாசியில் இருக்கும் பீட்டா கரோட்டினை உனி தின்று, அதைத் தன் உடம்புக்குள் எக்கினினோனாக மாற்றிக்கொள்கிறது. பாசி சரியாகக் கிடைக்காத இடத்தில் வளர்ந்ததில் நிறமும் குறையும், சதையும் குறையும். கானகாவா மாகாணத்தில் மியுரா தீபகற்பத்தில் மிஞ்சும் முட்டைக்கோஸைப் போட்டு உனியை வளர்த்துப் பார்த்தார்கள். சதையே இல்லாமல் கிடந்த உனி அதைத் தின்று திரண்டது, இனிப்பாகவும் இருந்தது. தீனி எவ்வளவு தூரம் சுளையை மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஒரே தட்டில் இரண்டு மூன்று நிறம்

ஒவ்வொரு உனியும் தனித்தனி விலங்கு, ஒவ்வொன்றும் தின்றதும் வேறு, வயதும் வேறு, அதனால் சுளையின் சாயலும் வேறாகத்தான் இருக்கும். ஒரே நிறத்தில், ஒரே அளவில் வரிசையாக அடுக்கிய மரப்பெட்டி எப்படிக் கிடைக்கிறது என்றால், பொதி கட்டும் இடத்தில் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு சுளையாகப் பிரித்து அடுக்குகிறார்கள். டோக்கியோவின் டொயோசு சந்தையில் ஏலத்துக்கு வரும் பெட்டிகளில் விலை ஏறுவதற்கு இந்த அடுக்கும் ஒரு காரணம். நிறம் கலந்து, அடுக்காமல் கொட்டி வைத்த பெட்டி விலை குறைவு, ஆனால் அதே படகு, அதே நாள் சரக்காக இருக்கலாம். வீட்டில் சோற்றின்மேல் போட்டுச் சாப்பிடுவதற்கு நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கலந்த நிறத்தில் ஒரு சில சுளை மட்டும் மங்கி, தளர்ந்து, பக்கத்துச் சுளையோடு ஒட்டிப்போயிருந்தால் அது இயல்பான வித்தியாசம் இல்லை. பழைய சரக்கைப் புதியதோடு சேர்த்திருக்கலாம்.

பழுப்பாக, கருத்துப்போய் இருக்கிறது

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழுப்பில் இரண்டு வகை உண்டு.

சுளை முழுக்க ஒரே சீராகப் பழுப்பு, ஆனால் கரை கூர்மை, மேலே குருணை குருணையாக இருக்கும் புள்ளிகள் தெளிவு, அடியில் நீர் இல்லை. இது பிறவிப் பழுப்பு. வயது முதிர்ந்த உனியிலும், பாசி அழிந்துபோன கடலடியில் வளர்ந்ததிலும் இப்படி வரும். ஜப்பான் கரைகளில் பல இடங்களில் கடற்பாசிக் காடு அழிந்து பாறை மொட்டையாகக் கிடக்கிறது, அங்கே முள்ளெலி ஏராளம், உள்ளே சுளையோ ஒல்லியாகக் கருத்திருக்கும். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ருசி மட்டும் சுமார், லேசான கசப்பு இருக்கும். நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தால் கேள்வி கேட்கலாம்.

இன்னொன்று ஓரத்திலிருந்து தொடங்கும் பழுப்பு. நடுவில் ஆரஞ்சு இருக்கும், கரைகள் மட்டும் மங்கி, பளபளப்பு செத்து, தொட்டால் பிசுபிசுக்கும். இது நாள்பட்டது. காற்றுப்பட்டும் உலர்ந்தும் வந்த நிறம். வாடையையும் பார்த்துவிட்டு ஒதுக்குங்கள்.

சில கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் விளக்கு போட்டிருப்பார்கள், அதற்குக் கீழே எல்லா உனியும் தங்கமாகத் தெரியும். கையில் வாங்கி வெள்ளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்காமல் நிறத்தைப் பற்றி எதுவும் முடிவு கட்ட வேண்டாம்.

உருகி வழிகிறது

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். "கெட்டுப்போச்சா?" என்றால், ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். வழிவது என்ன என்று பார்த்தால் காரணம் தெரியும்.

பால் போல வெள்ளையாக வழிந்தால் அது ஆண் உனியின் விந்து. சினை முற்றிய பருவத்தில் பிடித்திருக்கிறார்கள். பெண்ணாக இருந்தால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு சாயலில் முட்டைக் குழம்பு கசியும். இரண்டுமே பருவம் தவறியதன் அடையாளம்தான், கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, ஆனால் ருசி இருக்காது. ஹொக்கைடோவில் ஜப்பான் கடல் பக்கம், அதாவது ஷகோத்தான் தீபகற்பம், ரிஷிரி, ரெபுன் தீவுகள், இங்கெல்லாம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் நல்ல காலம், அதன்பிறகு இலையுதிர் காலத்தில் அவை முட்டையிடும். கிழக்கே ரௌசு பக்கம் குளிர்காலக் கடைசியில் தொடங்கி கோடை தொடங்கும்வரை எடுப்பார்கள். இப்படிக் கரைக்குக் கரை காலம் மாறுவதால்தான் ஆண்டு முழுக்க எங்கிருந்தாவது நல்ல உனி கிடைக்கிறது. "உனி சீசன் எப்போ?" என்று பொதுவாகக் கேட்பதைவிட "இந்த மாதம் எந்தக் கரையிலிருந்து வருகிறது?" என்று கேளுங்கள், சொல்லத் தெரிந்த கடைக்காரர் என்றால் அவரிடம் தைரியமாக வாங்கலாம்.

வழிவது நிறமில்லாத தண்ணீர், சுளையின் வடிவம் அப்படியே ஆனால் சோர்ந்து கிடக்கிறது என்றால், உறைய வைத்து எடுத்ததாக இருக்கலாம். உறையும்போது உள்ளே பனிக்கட்டி உருவாகிச் செல்களைக் கிழித்துவிடும், இளகியதும் தண்ணீர் விட்டுவிடும், வாயில் மணல் மணலாகத் தட்டும். சிலி நாட்டிலிருந்து உறைந்த நிலையில் நிறைய ஏற்றுமதி ஆகிறது, மலிவான கிண்ணச் சோற்றில் அதுதான் அடிக்கடி வரும். கேடு ஒன்றுமில்லை, ஆனால் புதிய உனி விலைக்கு அதை வாங்காதீர்கள். வீட்டில் மிஞ்சிய உனியை ஃபிரீசரில் போடவும் வேண்டாம். மறுநாளே பாஸ்டாவிலோ முட்டையிலோ சேர்த்துச் சூடாகத் தீர்த்துவிடுங்கள்.

நல்ல தண்ணீரில் கழுவினாலும் இதே கதிதான். கடலில் வாழ்ந்த சுளைக்குள் உப்பு இருக்கிறது, வெளியே நல்ல தண்ணீர் என்றால் அது உள்ளே புகுந்து சவ்வு வீங்கி உடையும், கண்ணெதிரே கரையும். கழுவியே ஆக வேண்டும் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் உப்பு போட்டுக் கலந்து, நன்றாகக் குளிர வைத்து, அதில் ஒரு தடவை அலசினால் போதும்.

இது எதுவும் இல்லை, கரையெல்லாம் மழுங்கி, சுளையும் சுளையும் ஒன்றாகக் கலந்து கூழாகிவிட்டது என்றால், அது பழசு. விட்டுவிடுங்கள்.

பார்க்க அருமை, சாப்பிட்டால் நாக்கைப் பிடிக்கிறது

படிகாரம். சலூனில் சவரம் முடிந்ததும் தடவும் அதே படிகாரம்தான், ஜப்பானில் மியோபான் என்பார்கள். சுளை உடையாமல் இருக்க, பொதி கட்டுமுன் படிகாரம் கரைத்த உப்புநீரில் முக்கி எடுப்பார்கள். மேற்புறப் புரதத்தை அது இறுக்கிவிடும், தண்ணீரும் கசியாது, அடுக்கவும் வசதி. அளவாக இருந்தால் சாப்பிடுகிறவருக்குத் தெரியவே தெரியாது. கூடிப்போனால் துவர்க்கும், வாய் வறண்டது போல ஆகும், தகரத்தை நக்கியது போல ஒரு பின்ருசி நிற்கும்.

உனி பிடிக்காது என்று சொல்லும் பலர் உண்மையில் வெறுப்பது இந்தப் படிகாரத்தைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் தடவை மலிவான உனி, அதிலும் படிகாரம் தூக்கலானது வாயில் பட்டுவிட்டால் அதன்பிறகு அவர்களைச் சமாதானப்படுத்துவது கஷ்டம்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. படிகாரம் போட்ட சுளை நாள் கடந்தாலும் விறைப்பாகவே நிற்கும். மேலே நான் சொன்ன "கரை கூர்மையா?" என்ற சோதனை இங்கே ஏமாற்றும். கரை அபாரமாக இருக்கும், ஆனால் பளபளப்பு குறைந்து மெழுகு பூசியது போல மந்தமாகத் தெரியும், குச்சியால் அழுத்தினால் ரப்பர் மாதிரி எதிர்த்து நிற்கும். நல்ல உனி அழுத்தத்துக்கு லேசாக இடம் கொடுக்கும், நாக்கில் வைத்ததும் தானாகக் கரையும், மெல்ல வேண்டிய வேலையே இருக்காது. மென்று தின்ன வேண்டியிருந்தால் ஏதோ சரியில்லை.

துவர்ப்பு வேறு, கசப்பு வேறு. படிகாரத்தின் முகம் துவர்ப்பு. தொண்டைப் பக்கம் நிற்கும் உண்மையான கசப்பு என்றால் இரண்டு காரணம் தேடலாம். சுளையில் கறுப்பாகத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் அது குடலின் மிச்சம், சுத்தம் செய்தவர் கவனக்குறைவு. அப்படி எதுவும் இல்லாமலே கசந்தால், சினை முற்றிய பெண் உனியாக இருக்கலாம். ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷு பக்கம் பிடிபடும் சாதா பாஃபுன் இனத்தின் பெண்களில், சினை முற்றும் காலத்தில் புல்கெரிமின் என்ற கசப்பான அமினோ அமிலம் சேரும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். உனிக்கு இனிப்பு தருவது கிளைசின், அலனின் என்ற அமினோ அமிலங்கள், உனிக்கே உரிய அந்தத் தனி மணத்துக்கு மெத்தியோனின் வேண்டும், கனமான சுவைக்கு குளூட்டாமேட். இந்தக் கலவை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்தே ஒரு உனி இனிக்கிறது, இன்னொன்று கசக்கிறது.

படிகாரம் வேண்டாம் என்றால் உப்புநீரில் போட்டு வரும் உனியை வாங்கலாம், என்சுய் உனி என்று கேளுங்கள். பொதியின் மீது பொருள் விவரத்தைப் பாருங்கள், படிகாரம் சேர்த்திருந்தால் அதில் எழுதியிருக்கும்.

உப்புநீர் உனியில் தண்ணீர் கலங்கியிருக்கிறது

லேசாக, டப்பாவை ஆட்டியதால் வந்த கலங்கல் என்றால் பரவாயில்லை, சில துணுக்குகள் மிதப்பதும் சகஜம். அடியில் எது இருக்கிறது என்றே தெரியாத அளவுக்குக் கலங்கி மஞ்சளித்துவிட்டால் சுளை கரைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். படிகாரம் இல்லாததால் இது சீக்கிரம் தளரும், வாங்கிய அன்றோ மறுநாளோ முடித்துவிட வேண்டும். சிங்கப்பூர் மாதிரி ஊர்களுக்கு விமானத்தில் வரும்போது வழியிலேயே நேரம் போய்விடும், அதனால் பொதி கட்டிய தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பரிமாறுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு சல்லடையில் மெதுவாகச் சாய்த்து, ஃபிரிட்ஜிலேயே நீர் வடிய விட்டு எடுங்கள். வடிக்காமல் அப்படியே சோற்றில் போட்டுவிட்டு "உப்பாக இருக்கிறது, நீர்த்துப்போச்சு" என்று உனியைக் குறை சொல்வது நியாயமில்லை.

வாடை வருகிறது

நல்ல உனியில் கடல் காற்றின் மணம் இருக்கும், பாசியின் மணமும் கொஞ்சம் இருக்கும். கவிச்சி வாடை இருக்கவே கூடாது. மூக்கில் ஏறும் அமோனியா நெடி வந்தால் அதற்குமேல் யோசிக்க எதுவுமில்லை, புரதம் சிதைய ஆரம்பித்துவிட்டது, கொட்டிவிடுங்கள். சோயா சாஸ், வாசாபி போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஐஸில் வைத்த உனி வாடையை அடக்கி வைத்திருக்கும், ஒரு சுளையை மட்டும் தனியாக எடுத்து ஓரிரு நிமிஷம் வெளியே வைத்துவிட்டு முகர்ந்து பாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும்.

ஆனால் வாடை இல்லை என்பதாலேயே ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. கோடையில் கடல்நீரில் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற கிருமி பெருகும், அது உணவில் இருந்தால் நிறமும் மாறாது, மணமும் மாறாது. பச்சையாகச் சாப்பிடும் கடலுணவை 10 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பது ஜப்பானின் விதி, வீட்டில் அதைவிடக் குளிராக, ஃபிரிட்ஜின் மிகக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் உனியைப் பச்சையாகச் சாப்பிடாமல் தவிர்ப்பதே நல்லது, எவ்வளவு உயர்ந்த கடையாக இருந்தாலும்.

குன்கான் சுஷியில் நோரி ஊறிப்போயிருக்கிறது

உனி தளர்வாக இருப்பதால் சோற்றைச் சுற்றி நோரியை, அதாவது காய்ந்த கடற்பாசித் தாளை, மதில் மாதிரி எழுப்பி, அதற்குள் வைப்பதுதான் குன்கான். நோரி ஒடியும் பதத்தில் இருக்க வேண்டும். அது துவண்டு, உனியும் ஓரம் தாண்டித் தொங்கினால் ஒன்று செய்து வைத்து நேரமாகிவிட்டது, இல்லை உனி நீர் விடுகிறது. தட்டுகள் சுற்றிவரும் பெல்ட் உள்ள கடை என்றால் அதில் இருப்பதை எடுக்காமல் புதிதாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். புதிதாகச் செய்ததும் அப்படியே இருந்தால் உனியில்தான் கோளாறு. சோயா சாஸையும் வாயில் வைக்கும் நேரத்தில் ஒரு சொட்டு விட்டால் போதும், முன்கூட்டியே ஊற்றினால் அதிலுள்ள உப்பு சுளையிலிருந்து நீரை இழுத்துவிடும்.

சந்தேகமாக இருந்தால் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல சுஷிக் கடையில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பலர் பெருமையாகவே எடுத்துக் காட்டுவார்கள். மரப்பெட்டியில் எந்த ஊர், யார் பொதி கட்டியது என்றிருக்கும். பெட்டியின் அடி மரம் ஈரம் ஊறிக் கறை படிந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

முழு உனி வாங்கி உடைத்தால் உள்ளே ஒன்றுமில்லை

உயிருள்ள உனி என்றால் முள் அசையும், தொட்டால் அந்தப் பக்கம் திரும்பும். முள்ளெல்லாம் சாய்ந்து, தொட்டதும் உதிர்ந்தால் செத்து நேரமாகிவிட்டது, அதை உடைக்கவே வேண்டாம். உயிரோடு இருந்து உள்ளே சுளை நூலாக இருந்தால், முட்டையிட்டு முடித்தது அல்லது பட்டினி கிடந்தது. வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, பெரிய ஓடு என்றால் பெரிய சுளை என்றும் இல்லை. மொத்தமாக வாங்குவதாக இருந்தால் கடைக்காரரிடம் ஒன்றை மட்டும் உடைத்துக் காட்டச் சொல்லுங்கள், ஒரே இடத்தில் ஒரே நாளில் எடுத்த சரக்கு என்றால் மற்றவையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். வீட்டில் உடைக்கும்போது வாய் இருக்கும் பக்கம் கத்தரிக்கோலை விட்டு வட்டமாக வெட்டி, உள்ளே இருக்கும் நீரைக் கொட்டி, குடலை முதலில் எடுத்துவிட்டு, சிறு கரண்டியால் சுளையை ஓட்டிலிருந்து பிரித்து, முன்பே குளிர வைத்த உப்புநீரில் போட்டு, ஒட்டிய கறுப்புத் துணுக்குகளை இடுக்கியால் எடுங்கள். அந்த உப்புநீரை உடைப்பதற்கு முன்பே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள், சுளையைக் கையில் வைத்துக்கொண்டு உப்பைத் தேடக் கூடாது.